ஏ இல்லாத பி

மோகினி யாரையும் எளிதில் நம்பமாட்டாள். பிறவியிலேயே அப்படியா, எண்பத்தேழுக்குப் பிறகு அப்படி ஆனாளா என்பது அவள் கணவன் சதேந்திராவுக்கே தெரியாது. ஃபிஜியில் அவர்கள் ஊரான நவுசோரியின் சந்தையில் கீரைக்கட்டு வாங்கினால் அங்கேயே கட்டை அவிழ்த்து நடுவில் அழுகல் இருக்கிறதா என்று பார்ப்பாள். சுவாவுக்குப் போகும் பஸ்ஸில் மீதிச் சில்லறையை எண்ணி முடிக்காமல் உட்காரமாட்டாள். பின்னால் வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

எண்பத்தேழில் அவளுக்கு இருபத்தெட்டு வயது. சுவாவில் ஒரு மண்ணாய்வுத் துறையில் தட்டச்சு வேலை. மே மாதம் ராணுவம் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது, செப்டம்பரில் இன்னொரு முறை ஆட்சியைக் கவிழ்த்தார்கள், இந்திய வம்சாவளியினர் நாட்டைவிட்டு வெளியேறத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் முடிவதற்குள் துறையில் இருந்த பதினொரு பேரில் ஆறு பேர் போய்விட்டார்கள். ஒருவரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. லீவு என்றார்கள், மகளுக்குக் கல்யாணம் என்றார்கள், பல்வலிக்கு சிட்னியில் நல்ல டாக்டர் இருக்கிறார் என்றார்கள். அதிலிருந்து மோகினி ஒன்று கற்றுக்கொண்டாள். யாராவது லீவு என்று சொன்னால் அவர் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்ப்பாள். பிள்ளைகளின் போட்டோ சுவரில் இல்லையென்றால் ஆள் திரும்பப்போவதில்லை.

அப்படிப் போன ஒரு கணித நிபுணர் தன் கம்ப்யூட்டரையும், இரண்டு பெட்டி பிளாப்பிகளையும், ஒரு கையேட்டையும் விட்டுப் போனார். கையேட்டைத் தொட வேறு ஆளில்லாததால் மோகினி தொட்டாள். லேடெக் என்ற மென்பொருள் அப்படித்தான் அவள் கைக்கு வந்தது. எழுதுகிறவர் எழுதித் தந்ததை இடையிடையே கட்டளைகள் சேர்த்துக் கொடுத்தால், அது பக்கம் அடுக்கி, எண் போட்டு, கடைசியில் நூற்பட்டியலும் கட்டி அச்சுக்குத் தயாராகத் தரும். ஒரு வருடத்தில் துறையின் எல்லா அறிக்கைகளும் அவள் மேசை வழியாகத்தான் போயின. பெயருக்கு இன்னும் தட்டச்சர்தான்.

அதில் அவளுக்கு மிகவும் பிடித்தது நூற்பட்டியலின் அடையாளங்கள். ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டும் இடத்தில் சதுர அடைப்புக்குள் ஒரு சிறு குறி வரும். அதே குறி கடைசிப் பட்டியலிலும் வரும். அவளுடைய துறை பயன்படுத்திய பாணியில் அந்தக் குறியை யாரும் கையால் எழுதுவதில்லை. பிப்டெக் என்ற துணை நிரல்தான் எழுதும். ஒரே ஆசிரியர் என்றால் குடும்பப் பெயரின் முதல் மூன்று எழுத்து, பிறகு வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதியிருந்தால் ஆளுக்கொரு முதலெழுத்து. இரண்டு கட்டுரைகளுக்கு ஒரே குறி விழுந்தால் முதலாவதற்கு ஏ, அடுத்ததற்கு பி என்று வால் ஒட்டும். யாருடைய முகத்தையும் பார்த்து அது குறி போடாது. அந்த அலுவலகத்தில் பட்சபாதம் இல்லாதது அது ஒன்றுதான் என்று மோகினி நினைத்தாள்.

அவர்களுடைய பட்டியலில் வால்கள் ஏராளம். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். காரணம் எளிது. கரும்புக்காட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் பிறப்புப் பதிவில் ஒரே ஒரு பெயர்தான். தகப்பன் பெயர் தனிக் கட்டத்தில் இருக்கும். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பிப்டெக்குக்கு அதெல்லாம் தெரியாது. இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே துறை ஆய்வாளர்கள் ராஜனும் ராஜ்நீலும் அதற்கு ஒன்றுதான். இருவரும் தொண்ணூற்றொன்பதில் ஆளுக்கொரு அறிக்கை எழுதினார்கள். ராஜனுடையது Raj99a, ராஜ்நீலுடையது Raj99b.

இரண்டாயிரம் மே மாதத்தில் மறுபடி ஆட்சியைக் கவிழ்த்தார்கள். நவுசோரியில் கலவரக்காரர்கள் சதேந்திராவின் டயர் கடையை உடைத்து, எடுக்க முடிந்ததை எடுத்து, முடியாததைக் கொளுத்தினார்கள். டயர் எரிந்த நாற்றம் ஒரு வாரம் வீட்டுக்குள் இருந்தது. அதன்பிறகு சதேந்திரா காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்பான்.

"எப்பப் போறோம்?"

போவதற்கு ஒரு வழி அக்டோபரில் திறந்தது. ஆக்லாந்தில் ஒரு அச்சகம் லேடெக் தெரிந்த ஆளைத் தேடியது. மோகினி எழுதிக் கேட்டாள். அவர்கள் இரண்டு கேட்டார்கள்: அவள் கையால் தயாரித்த ஒரு முழு நூல், துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம். கடிதம் ஒட்டிய உறைக்குள் இருக்க வேண்டும், ஒட்டின இடத்தின் மேல் தலைவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், நவம்பர் முப்பதுக்குள் வந்து சேர வேண்டும். வேலை கிடைத்தால் விசா கிடைக்கும்.

துறைத் தலைவர் டாக்டர் ஜிதேந்திரா. அவரும் போகிறவர்தான், பிரிஸ்பேனுக்கு. மோகினி அவர் அறைச் சுவரை செப்டம்பரிலேயே பார்த்துவிட்டாள். போவதற்கு முன் பத்து வருட ஆய்வுகளை ஒரே தொகுதியாக வெளியிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். முக்கிய அத்தியாயம் அவருடையது. அந்தத் தொகுதியைத்தான் மோகினி ஆக்லாந்துக்கு மாதிரியாக அனுப்ப இருந்தாள்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு திங்கட்கிழமை அவர் பிளாப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"மோகினி, இதுதான் கடைசிப் பிரதி. நூற்பட்டியல நானே வரி வரியாப் பாத்துட்டேன். பிப்டெக்க மறுபடி ஓட்ட வேண்டாம். அப்படியே அச்சுக்கு அனுப்பிடுங்க."

பத்து வருடத்தில் அவர் பிப்டெக் என்ற சொல்லை உச்சரித்து மோகினி கேட்டதில்லை.

"சரி டாக்டர்," என்றாள். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, நூற்பட்டியலை முதல் வரியிலிருந்து படித்தாள். R எழுத்தில் நின்றாள். Raj99b இருந்தது. அதற்கு மேலே ராஜ்நீலின் முந்தைய அறிக்கை Raj98 இருந்தது. Raj99a இல்லை.

முதலில் தன்னையே சந்தேகப்பட்டாள். மேற்கோளைத் தானே எங்கேயாவது அழித்துவிட்டோமா? அப்படி அழித்து பிப்டெக்கை ஓட்டியிருந்தால் ராஜ்நீல் தனியாக நின்றிருப்பான், அவனுக்கு வாலே வந்திருக்காது. முன்னால் ஏ இல்லாமல் பி போட அந்த நிரலுக்குத் தெரியாது. பிறகு இயந்திரத்தைச் சந்தேகப்பட்டாள். பிறகு தன் அறையின் இரண்டாவது சாவி வைத்திருந்த குமாஸ்தா பிரமிளாவைச் சந்தேகப்பட்டாள்.

"என் கம்ப்யூட்டரத் தொட்டியா?"

"அதத் தொட்டா சத்தம் போடும் அக்கா, பயமா இருக்கும்," என்றாள் பிரமிளா. "ஏன், என்ன போச்சு?"

"ஒண்ணும் போகல."

"ஒண்ணும் போகாமலே இப்படிப் பாக்கறீங்க. போயிருந்தா போலீசக் கூப்பிட்டிருப்பீங்க."

மிஞ்சியது ஒரே வழி. பிப்டெக் தான் கட்டிய பட்டியலை ஒரு இடைக்கோப்பில் எழுதி வைக்கும். அது சாதாரண எழுத்துக் கோப்பு. யாரோ அதைத் திறந்து நான்கு வரியை வெட்டியிருக்கிறார்கள். வெட்டியவருக்கு வால் எப்படி முளைக்கிறது என்று தெரியவில்லை, அதனால் ராஜ்நீலின் பி-யை விட்டுவிட்டார். கோப்பின் தேதியைப் பார்த்தாள். ஞாயிறு, மதியம் இரண்டேகால். ஞாயிற்றுக்கிழமை கட்டடத்துக்குச் சாவி வைத்திருப்பவர் டாக்டர் ஒருவர்தான்.

பழைய பிளாப்பியில் இருந்த பிரதியையும் புதியதையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டாள். டாக்டரின் அத்தியாயத்தில் நான்கு இடத்தில் ராஜனின் மேற்கோள் அழிக்கப்பட்டிருந்தது. அந்த நான்கு இடத்திலும் ராஜனின் எண்கள் அப்படியே இருந்தன. இப்போது அவை டாக்டர் கண்டுபிடித்த எண்களாகத் தோன்றின. ஐந்தாவது இடம் அவர் கண்ணுக்குத் தப்பியிருந்தது. படங்களின் அடிக்குறிப்புகள் தனிக் கோப்பில் இருந்ததால் அவர் அதைத் திறக்கவில்லை. அறுபத்தொன்றாம் பக்கத்தில், புலிலேகா கரும்பு நிலங்களின் வரைபடத்துக்குக் கீழே, ராஜனின் குறி இருக்க வேண்டிய இடத்தில் தடித்த கேள்விக்குறி ஒன்று நின்றது. மேற்கோள் இருந்து பட்டியலில் ஆள் இல்லாவிட்டால் லேடெக் அப்படித்தான் போடும்.

அன்று மாலை சதேந்திரா கேட்டான்: "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? கடிதம் தரமாட்டேன்னுட்டாரா?"

"தருவாரு. வெள்ளிக்கிழமை தரேன்னாரு."

"அப்புறம் என்ன?"

"ராஜன் பேர எடுத்துட்டாரு."

"எந்த ராஜன்? லபாசாவுல மண்ணு தோண்டறவனா? அவன் பேரு போனா உனக்கென்ன? நம்ம பேரு விசாவுல வருதா, அதப் பாரு." அவன் எரிந்த கடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே அது நடுவில் உட்கார்ந்திருந்தது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயத் திறக்காத. ஒரே ஒரு வாரம் யாரையும் சந்தேகப்படாம இரு. செத்துட மாட்ட."

செவ்வாய்க்கிழமை அவள் டாக்டரிடமே போனாள். நேராகக் கேட்கவில்லை. பட்டியலில் ராஜன் அறிக்கை விட்டுப்போயிருக்கிறதே, தன் தவறா என்று கேட்டாள்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "உங்க தப்பில்ல. அவனே கேட்டுக்கிட்டான். யோசிச்சுப் பாருங்க. எந்த நிலத்துல மண்ணு நல்லாருக்கு, எது உப்பு, எல்லாம் அவன் படத்துல இருக்கு. அங்க கரும்புக்காரங்க குத்தகை ஒண்ணொண்ணா முடியுது. எத முதல்ல திருப்பி எடுக்கறதுன்னு தேடற நிலச் சொந்தக்காரங்க கையில அந்தப் படம் கிடைச்சா, அதப் போட்டுக் கொடுத்தவன்னு ஊரு அவனத்தான் சொல்லும். அவன் அந்த ஊருலதான் குடியிருக்கணும். நான் அவனக் காப்பாத்தறேன்."

நல்ல காரணம். அந்த வருடத்தில் அதைவிடச் சின்னக் காரணத்துக்காக ஆட்கள் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். மோகினி தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். படிக்கட்டில் பாதி இறங்கும்போது நின்றாள். ஆபத்து படத்தில் இருக்கிறது என்றால் எடுக்க வேண்டியது படத்தை. படம் புத்தகத்தில் இருக்கிறது. எடுத்தது பெயரை மட்டும்.

லபாசாவை அடுத்த புலிலேகாவில் இருந்த ராஜனுக்கு போன் போட்டாள். அலுவலகத்தில் எல்லாரும் பேசுவது ஃபிஜி இந்தி. தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். ராஜனின் வீட்டில் இன்னும் கொஞ்சம் தமிழ் இருந்தது. பிறர் காதில் விழும் இடங்களில் அவர்கள் தமிழில் பேசிக்கொள்வது வழக்கம்.

"ராஜன், உன் பேர எடுக்கச் சொன்னியா?"

"ஆமா அக்கா," என்றான். "சாருதான் போன் பண்ணாரு. உன் பேரு இருந்தா ஆபத்து, எடுத்துடட்டுமான்னாரு. எடுத்துடுங்கன்னேன்."

"படத்த எடுக்கறேன்னாரா?"

"எல்லாத்தயும்னாரு."

"படம் அறுபத்தொண்ணாம் பக்கத்துல இருக்கு."



"அப்படியேவா?"

"ஒரு கோடு குறையல. வாய்க்கா பக்கத்துல நீ போட்ட நட்சத்திரம்கூட இருக்கு."

"கீழ யாரு பேரு போட்டிருக்கு?"

"கேள்விக்குறி போட்டிருக்கு."

ராஜன் சிரித்தான். அவள் அந்தச் சிரிப்பையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்டாள். "கேள்விக்குறி நல்லாத்தான் நடந்திருக்கான் அக்கா. ரெண்டு வருசம், முழங்கால் சேத்துல. நாயிகிட்ட கடி வேற வாங்கினான்."

"விளையாடாத. பயமா இருந்தா சொல்லு, அப்படியே விட்டுடறேன்."

"படம் வெளிய வருதுன்னா பயமும் கூடவே வருது. இங்க நிலத்த அளக்கக் குச்சி நட்டது யாருன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். பேர எடுத்தா ஊருக்கு நான் தெரியாமப் போயிடுவேனா? வெளிய இருக்கறவனுக்குத்தான் தெரியாமப் போவேன். போடுங்க."

"நான் கேக்கணும்னு நெனைக்கறதச் சொல்றியா, நெசமாவே சொல்றியா?"

"ஐயோ அக்கா. போடுங்க. ஆமா, உங்க கடிதம் என்ன ஆவும்?"

"அத நான் பாத்துக்கறேன்," என்றாள். பார்த்துக்கொள்ள அவளிடம் ஒன்றும் இல்லை.

புதன் முழுக்க ஒன்றும் செய்யவில்லை. அவளைத் தைரியசாலி என்று சொல்ல முடியாது. டாக்டர் அழித்த நான்கு மேற்கோள்களையும் திருப்பிப் போடும் எண்ணம் அவளுக்கு ஒரு நிமிடம்கூட வரவில்லை. அத்தியாயம் அவருடையது, அதில் கைவைக்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள். கேள்விக்குறி வேறு. கேள்விக்குறியோடு ஒரு பக்கம் அவள் மேசையிலிருந்து அச்சுக்குப் போனதில்லை. வியாழக்கிழமை காலை உட்கார்ந்து பிப்டெக்கை ஓட்டினாள். அவள் வேறெதையும் தொடவில்லை. நிரல் அடிக்குறிப்பில் இருந்த மேற்கோளைக் கண்டது, துறையின் தரவுக் கோப்பில் ராஜனைத் தேடி எடுத்தது, ராஜ்நீலுக்கு முன்னால் உட்கார வைத்தது, ஏ போட்டது. லேடெக்கை இரண்டு முறை ஓட்டினாள். அறுபத்தொன்றாம் பக்கத்தில் படத்துக்குக் கீழே குறி வந்தது.

அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாள். அவர் புரட்டிக்கொண்டே போய் அந்தப் பக்கத்தில் நின்றார்.

"ஓட்ட வேண்டாம்னு சொன்னேனே."

"ஓட்டலன்னா கேள்விக்குறி போகாது டாக்டர்."

"வேற கேள்விக்குறி ஏதாவது இருந்துதா?"

"இது ஒண்ணுதான். மத்த நாலு இடமும் சுத்தமா இருக்கு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் நான்கு இடங்களையும் கண்டுபிடித்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்தது. அவர் முதல் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டுக் கொடுத்தார். "அனுப்புங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை அவருக்குப் பிரிவு நங்கோனா, வேரை இடித்துக் கரைத்துக் குடிக்கும் கூட்டம். மரக்கிண்ணத்தைச் சுற்றிப் பாயில் எல்லாரும் உட்கார்ந்து, தேங்காய்ச் சிரட்டையில் கலங்கிய தண்ணீரைக் குடித்துக் கைதட்டினார்கள். மோகினி தன் முறை வந்ததும் அரைச் சிரட்டை குடித்தாள். கலையும்போது டாக்டர் அவளைக் கூப்பிட்டு ஒரு உறையைக் கொடுத்தார். ஒட்டியிருந்தது. ஒட்டின இடத்தின் மேல் நீல மையில் கையெழுத்து.

"நல்லபடியா போங்க மோகினி."

"நீங்களும் டாக்டர்."

சனிக்கிழமை அவர் விமானம் ஏறினார். உறை மோகினியின் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே இரண்டு பக்கம் இருந்தது. நல்லதாக எழுத இரண்டு பக்கம் எதற்கு? வியாழக்கிழமை அவரைக் கையும் களவுமாகப் பிடித்தவளுக்கு வெள்ளிக்கிழமை ஒருவன் என்ன எழுதியிருப்பான்? கெட்ட கடிதத்தைத் தன் கையாலேயே தபாலில் போடப்போகிறோம் என்ற எண்ணம் அவளைச் சாப்பிட விடவில்லை.

"போடு, திங்கட்கிழமை போடு," என்றான் சதேந்திரா. "உள்ள என்ன இருந்தா உனக்கென்ன?"

"அவரு எழுதினது என்னன்னு தெரியாம எப்படிப் போடறது?"

"தெரியக்கூடாதுன்னுதானே ஒட்டிருக்கு!"

ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் கெட்டிலின் ஆவியில் உறையைக் காட்டினாள். பசை இளகியது. அதோடு நீல மையும் இளகி, கையெழுத்து ஒழுகி உறையின் பாதிக்குப் பரவியது. இனி அதைத் திருப்பி ஒட்டிப் பயனில்லை என்று தெரிந்த பிறகுதான் கடிதத்தை எடுத்தாள்.

இரண்டு பக்கமும் நல்லதாக இருந்தது. பதின்மூன்று வருடத்தில் அவள் செய்த ஒவ்வொரு தொகுதியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தார். யார் தந்த பக்கமானாலும் சரிபார்க்காமல் விடமாட்டாள், தன்னுடைய தவறுகளையும் திருத்தியிருக்கிறாள், இவளை இழப்பது துறைக்கு நஷ்டம் என்று எழுதியிருந்தார். தேதி வெள்ளிக்கிழமையுடையது. ஒரு இடத்தில் களவு செய்தவர் இன்னொரு இடத்தில் நேர்மையாக இருக்கலாம் என்பது அவள் கணக்கில் இல்லாத ஒன்று. அவள் அடுப்பங்கரையில் நின்றபடியே கடிதத்தை இரண்டாம் முறை படித்தாள், எங்கேயாவது ஒரு முள் ஒளிந்திருக்கிறதா என்று.

திங்கட்கிழமை அவருக்கு மின்னஞ்சல் எழுதினாள். பொய் சொல்ல முயன்றாள். மழையில் நனைந்துவிட்டது என்று ஒரு வரி அடித்து அழித்தாள். கடைசியில், உறையைப் பிரித்துவிட்டேன், இன்னொன்று வேண்டும், நேராக அச்சகத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்று எழுதினாள். பிரிஸ்பேனில் அவருக்கு இன்னும் வீடு அமையவில்லை, இணையக் கணக்கும் திறக்கவில்லை. டிசம்பர் இரண்டாம் தேதி பதில் வந்தது: அனுப்பிவிட்டேன். ஏன் பிரித்தீர்கள் என்று கேட்கவில்லை. அச்சகத்திலிருந்து அடுத்த வாரம் பதில் வந்தது. உங்கள் நூல் மாதிரி கிடைத்தது, நன்றாக இருக்கிறது, தேதிக்குள் பரிந்துரை வராததால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்.

சதேந்திரா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பழைய இடத்திலேயே தகரம் அடித்துக் கடையைத் திறக்க ஆரம்பித்தான்.

பிப்ரவரியில் தொகுதி அச்சாகி வந்தது. புலிலேகாவுக்கு ஒரு பிரதி போனது. ராஜன் போன் செய்தான்.

"பாத்துட்டேன் அக்கா. அம்மாவுக்கும் காட்டினேன். இது என்னடா, உன் பேரு பாதிதான் இருக்குன்னுச்சு."

"யாராவது வந்து கேட்டாங்களா, படத்தப் பத்தி?"

"யாரு வரப்போறா? இந்தப் புஸ்தகத்த யாரு படிக்கறா? சரி, நீங்க எப்பப் போறீங்க?"

"இடம் இல்லன்னுட்டாங்க."

"என்னாலயா? சாரு தப்பா எழுதிட்டாரா?"

"இல்ல. நல்லாத்தான் எழுதிருந்தாரு."

"அப்புறம்?"

"நல்லா எழுதிருப்பாருன்னு நான் நம்பல," என்றாள் மோகினி.